பேட்டரி போனால் போன் போச்சா?

“சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது, போனை மாத்திடலாம்னு பாக்குறேன்.” இரண்டு மூன்று வருடம் ஓடிய போனைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது இப்படிச் சொல்லாத வாரம் இல்லை. திரை பளிச்சென்று இருக்கும், கேமரா நன்றாக எடுக்கும், போர்டில் ஒரு கோளாறும் இருக்காது. தேய்வதற்கென்றே உள்ளே இருக்கும் ஒரு பொருள் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். அதற்காக இருபதாயிரம் ரூபாய்ப் பொருளைத் தூக்கிப்போடுவது நம் வீடுகளின் வழக்கமாக இருந்ததில்லை. பேட்டரியை மாற்றுவதை நிறுவனங்கள் கடினமாக்கிய பிறகு வந்த பழக்கம் இது. அந்தக் கடினத்தைத் தாண்டிப் போகும் வழிகளை இந்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.

முதலில் அடிப்படை. போனில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. இந்த வகையை 1991-இல் சோனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் ஆயுளைச் சுற்றுக் கணக்கில் சொல்வார்கள். மொத்தமாக 100 சதவீதம் செலவழித்தால் ஒரு சுற்று. இன்று 50, நாளை 50 என்று செலவழித்தாலும் அது ஒரு சுற்றுதான். இத்தனை சுற்றுக்குப் பிறகும் ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்று நிறுவனங்கள் வடிவமைக்கின்றன. ஆப்பிள் ஐபோன் 14 வரை 500 சுற்று என்று சொன்னது, 15-இலிருந்து 1000 சுற்று என்கிறது. தினமும் ஒரு சுற்று ஓட்டுகிறவருக்கு 500 என்பது ஒன்றரை வருடத்திலேயே வந்துவிடும். 80-க்குக் கீழே போன பேட்டரியைப் பழுதானது என்று சொல்ல முடியாது. தன் வேலையைச் செய்து முடித்த பேட்டரி அது. மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றுவதுபோல அதை மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

பழுது எங்கே?

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே கொஞ்சம் பார்த்துவிடுங்கள். படுக்கப் போகும்போது சார்ஜ் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொண்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் இரண்டு மூன்று சதவீதம்தான் இறங்கியிருக்கிறது என்றால், பகலில் சார்ஜைக் குடிப்பது ஏதோ ஒரு ஆப், அல்லது பலவீனமான சிக்னல். டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் ஓயாமல் டவரைத் தேடிக்கொண்டிருக்கும். புதுப் பேட்டரி போட்டாலும் அங்கே மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.

சார்ஜ் ஏறுவதே தகராறு, ஒயரை ஆட்டினால்தான் ஏறுகிறது என்றால் சந்தேகம் சார்ஜிங் பின் மேல் போக வேண்டும். சட்டைப் பையின் பஞ்சு அந்தத் துளைக்குள் அடைந்து கெட்டியாகிவிடும். போனை அணைத்துவிட்டு, மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். பாதிப் பேருக்குச் செலவு இத்தோடு முடிந்துவிடும்.

30 சதவீதம் காட்டும்போதே சட்டென்று அணைந்து, சார்ஜரில் போட்டதும் அதே 30-இல் உயிர் வருகிறதா? அப்படியானால் அது பேட்டரிதான். வயதான பேட்டரியில் உள் மின்தடை கூடியிருக்கும். கேமரா ஃப்ளாஷ், வீடியோ கால் என்று போன் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து, போன் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. தேய்ந்த பேட்டரியுள்ள ஐபோன்கள் இப்படித் திடீரென அணைவதைத் தடுக்க, ஆப்பிள் ஒரு மென்பொருள் அப்டேட் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்தது. வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் விஷயம் வெளிவந்ததும் மன்னிப்புக் கேட்டது, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லாத குற்றத்துக்காக 2020-இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. போன் மெதுவாகிவிட்டது, வயதாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் எத்தனை பேரோ. 29 டாலர் பேட்டரி அவர்களுக்குப் பழைய வேகத்தைத் திருப்பித் தந்திருக்கும்.

ஐபோனில் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் ‘பேட்டரி ஹெல்த்’ சதவீதம் தெரியும். சாம்சங்கில் ‘சாம்சங் மெம்பர்ஸ்’ ஆப்பில் பரிசோதனை வசதி உண்டு. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் ‘ஆக்கு பேட்டரி’ போன்ற ஆப்பைப் போட்டு, பல நாள் சார்ஜ் ஏற்றிய பிறகு அது காட்டும் மதிப்பைத் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

வெயிலும் வதந்தியும்

“ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டா வெடிச்சிடும்.” “முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணும்.” “புது போனை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டுத்தான் ஆன் பண்ணணும்.” கடைசி இரண்டும் நிக்கல் பேட்டரிக் காலத்து அறிவுரைகள். லித்தியம் பேட்டரியை அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவது அதன் ஆயுளைக் குறைக்கவே செய்யும். முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. பேட்டரி நிறைந்ததும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும், அதனால் வெடிக்காது. ஆனால் 100 சதவீதத்தில் சூடாகக் கிடப்பது பேட்டரிக்கு ஆகாது. தலையணைக்கு அடியில் போட்டுச் சார்ஜ் ஏற்றுவது அதைவிடக் கெடுதல். பெரும்பாலான புதுப் போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் சார்ஜர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் அதை ஆன் செய்துவிடுங்கள்.

நம் ஊரில் பேட்டரியின் முதல் எதிரி வெயில். ஆப்பிள் தன் போன்களை 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. கத்திரியில் சென்னையும் வேலூரும் 40-ஐத் தாண்டும், மூடிய கார் டாஷ்போர்டு அதையும் தாண்டும். பேட்டரித் துறையில் பரவலாகப் புழங்கும் ஓர் அட்டவணை சொல்வது இது: பாதிக்குச் சற்றுக் குறைவாக, 40 சதவீதச் சார்ஜோடு, 25 டிகிரியில் ஒரு வருடம் வைத்த பேட்டரி 96 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும். முழுச் சார்ஜோடு 40 டிகிரியில் வைத்தது ஏறத்தாழ 65-க்கு வந்துவிடும். வண்டியின் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, மேப் ஓடவிட்டு, கூடவே சார்ஜும் ஏற்றிக்கொண்டு உச்சி வெயிலில் டெலிவரிக்கு ஓடும் பிள்ளைகளின் பேட்டரி ஏன் வருடத்துக்குள் படுத்துவிடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அவர்களுக்குச் சொல்லக்கூடியது: வெயிலில் ஓடும்போது சார்ஜ் ஏற்றாதீர்கள், நிழலில் நிற்கும்போது ஏற்றுங்கள். போனுக்குத் தடித்த கவர் போட்டிருந்தால் சார்ஜ் ஏறும்போது கழற்றிவிடுங்கள்.

வேறு சார்ஜர் போட்டால் போன் கெட்டுவிடும் என்பதும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. யுஎஸ்பி-சி சார்ஜரும் போனும் பேசி வைத்துக்கொண்டுதான் மின்னழுத்தத்தைக் கூட்டும். பேச்சு ஒத்துவராவிட்டால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது நடைபாதையில் கிடைக்கும் பெயரில்லாச் சார்ஜருக்கு. உள்ளே வீட்டு மின்சாரத்துக்கும் போனுக்குப் போகும் ஒயருக்கும் நடுவில் சரியான காப்பு இல்லாவிட்டால் ஷாக் அடிப்பது போனை அல்ல, பிடித்திருக்கும் கையை.

கடை மேசையில்

எங்கே கொடுப்பது என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ‘கம்பெனி சர்வீஸ் சென்டர் தவிர வேறெங்கும் கொடுக்காதே’ என்பது ஒரு கட்சி. ‘ரிச்சி தெருப் பசங்க கைக்கு ஈடு கிடையாது’ என்பது இன்னொன்று. சர்வீஸ் சென்டரில் பேட்டரி நம்பகமானது, ஆனால் பழைய மாடல் என்றால் ஸ்டாக் இல்லை என்பார்கள். டேட்டாவை அழிக்கவும் சம்மதம் கேட்பார்கள். தெருக் கடையில் கை நேர்த்தி இருக்கும், பேட்டரிதான் சந்தேகம். வாரண்டி இருக்கும்வரை சர்வீஸ் சென்டர், முடிந்த பிறகு கைநேர்த்தியுள்ள கடை, ஆனால் பேட்டரியை நாமே பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

எப்படிப் பார்ப்பது? கடைக்காரர் “ஒரிஜினல் சார்” என்பதையும் “ஃபர்ஸ்ட் காப்பி” என்பதையும் ஒரே குரலில் சொல்வார். வார்த்தையை விட்டுவிட்டு லேபிளைப் படியுங்கள். 5000 எம்ஏஎச், 3.87 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 19.35 வரும். லேபிளில் வாட்-ஹவர் கணக்கு அதையொட்டி இருக்க வேண்டும். ஒட்டாமல் இருந்தால் லேபிளை அடித்தவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. அடுத்து ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் விற்கும் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்காகப் பதிந்தது என்று வந்துவிடும். கடை வாசலில் நின்றே இதைச் செய்யலாம்.

பலர் கவனிக்காத ஒன்று தயாரிப்புத் தேதி. லித்தியம் பேட்டரி டப்பாவில் சும்மா கிடந்தாலும் மூப்படையும். ஐந்து வருடத்துக்கு முந்தைய மாடலுக்குக் கம்பெனிப் பேட்டரியே கிடைத்தாலும், அது நான்கு வருடம் அலமாரியில் கிடந்தது என்றால் வேண்டாம். சென்ற வருடம் தயாரான, பதிவுள்ள வேறு நிறுவனத்துப் பேட்டரி அதைவிட மேல்.

மேசையில் வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நல்ல கைக்காரர் முதலில் போனை அணைத்து சிம் ட்ரேயை வெளியே எடுப்பார். பேக் பேனலின் ஓரங்களைச் சூடு காட்டி, ரப்பர் கப்பால் இழுத்துப் பிடித்து, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகிச் சுற்றிலும் நகர்த்துவார். கழற்றிய திருகுகளைக் காந்த மேட்டில் கழற்றிய வரிசையிலேயே வைப்பார், ஏனென்றால் நீளம் மாறிய ஒரு திருகு போர்டையே துளைத்துவிடும். எதையும் தொடும் முன் பேட்டரி கனெக்டரைப் பிரிப்பார். பிறகுதான் பசையைக் கவனிப்பார். ஓரத்தில் இழுக்கும் பட்டை இருந்தால் அதை இழுப்பார், இல்லாவிட்டால் சில சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுக் காத்திருந்து பிளாஸ்டிக் துண்டால் நெம்புவார். ஸ்க்ரூ டிரைவரையோ கத்தியையோ பேட்டரிக்கு அடியில் விட்டு நெம்புகிறவரிடம் போனைக் கொடுக்காதீர்கள். பேட்டரி குத்துப்பட்டால் அங்கேயே தீப்பிடிக்கும். இதனாலேயே போனைக் கொண்டுபோகும்போது சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. குறைந்த சார்ஜில் தீ பிடிக்கும் வேகமும் குறைவு.

பேட்டரி மாற்றப் பாஸ்வேர்டு தேவையில்லை. கேட்டால் கொடுக்காதீர்கள், நீங்களே திறந்து காட்டுங்கள். திறந்து ஒட்டிய போனில் பழைய நீர்த்தடுப்பு இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள். ஐபோனில் வெளிப் பேட்டரி போட்டால் ‘அறியப்படாத பாகம்’ என்று ஓர் அறிவிப்பு வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். போன் வேலை செய்யும், பேட்டரி ஹெல்த் சதவீதம் மட்டும் காட்டாமல் போகலாம்.

மாற்றுவது லாபமா என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. அதே மாடல் பழைய போன் சந்தையில் என்ன விலை போகிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் பேட்டரியும் கூலியும் அடங்கினால், பாதுகாப்பு அப்டேட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தால், யோசிக்காமல் மாற்றுங்கள்.

உப்பிய பேட்டரி

பேக் பேனல் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மேசையில் வைத்தால் போன் ஆடுகிறது, திரையின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது என்றால் பேட்டரி உப்பிவிட்டது. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகியிருக்கிறது. இதற்கு நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, போனை அணைத்து, மெத்தை, திரைச்சீலை அருகில் இல்லாத வெறும் தரையில் வையுங்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புகை வந்தால் ஆட்களை வெளியேற்றுங்கள். சுவிட்சை அணைத்த பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றுவது சின்ன லித்தியம் பேட்டரியைக் குளிர வைக்கும்.

கழற்றிய பழைய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. குப்பை லாரியில் நசுங்கினால் தீ. முனைகளில் டேப் ஒட்டி, மாற்றிய கடையிலோ நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில்தான் வைத்திருக்கின்றன.

பில்லும் சட்டமும்

2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிஎல்-5சி பேட்டரிகளில் ஒரு நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம், மாற்றித் தருகிறோம் என்றது. மக்கள் பின்மூடியைக் கழற்றி, எண்ணைச் சரிபார்த்து, பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். போன் கையிலேயே இருந்தது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7-இலும் பேட்டரியில்தான் குறை. அது போனுக்குள் ஒட்டிக் கிடந்தது. லட்சக்கணக்கான போன்களை முழுசாகத் திரும்பப் பெற்று, அந்த மாடலையே அக்டோபரில் நிறுத்தினார்கள். பின்மூடி கழறாத போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாக்கியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் புது மாடல் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதியும் வருகிறது. ‘2027-இல் எல்லாப் போனிலும் பழையபடி பேட்டரி கழற்றலாம்’ என்று இதைப் பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவு நம்பிக்கை வேண்டாம். தண்ணீர் புகாத போனின் பேட்டரி 1000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்கினால், மாற்றும் வேலையைப் பழுதுபார்ப்பவருக்கே விட்டுவைக்கலாம் என்று 2025-இல் நடைமுறைக்கு வந்த விதியிலேயே விலக்கு இருக்கிறது. விலை கூடிய மாடல்கள் அந்த வழியில்தான் போகும்.

அந்தச் சட்டத்தைக் காட்டி இங்கே உரிமை கேட்க முடியாது. ஆனால் அதனால் நமக்கும் ஒரு பயன் உண்டு. ‘ஈப்ரெல்’ என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவசத் தகவல்தளத்தில், அங்கே விற்கும் ஒவ்வொரு போனுக்கும் எத்தனை சுற்றுத் தாங்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்ற தரவரிசை இருக்கிறது. புதுப் போன் வாங்கும் முன் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இந்திய மாடலின் பேட்டரி வேறாக இருக்கக்கூடும் என்பதால் எண் ஒன்றுதானா என்பதையும் கவனியுங்கள்.

இந்தியாவில் 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் துறை ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்களின் சர்வீஸ், உதிரிபாகம், வாரண்டி விவரங்கள் அதில் இருக்கின்றன. பழுதுபார்ப்புத் தரவரிசைக்காக அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. இவை நல்ல தொடக்கம், ஆனால் கடை மேசையில் உங்களைக் காப்பாற்றுவது இவையல்ல. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் காப்பாற்றும். விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் பில் கொடுக்காமலிருப்பதை அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பேட்டரிக்கு அது செல்லாது.

ஆகவே பேட்டரி மாற்றியதும் பில் கேளுங்கள். துண்டுச் சீட்டு போதாது. தேதி, போன் மாடல், ஐஎம்இஐ எண், பேட்டரியின் பிராண்டும் பதிவு எண்ணும், எத்தனை மாத வாரண்டி, கொடுத்த தொகை எல்லாம் அதில் இருக்கட்டும். ஐஎம்இஐ தெரியாவிட்டால் *#06# அழுத்தினால் வரும். “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்” என்று சொன்னால், சேரட்டும் என்று சொல்லுங்கள்.

பேட்டரி இரண்டு மாதத்தில் உப்பிவிட்டது, கடைக்காரர் கையை விரிக்கிறார் என்றால் முதலில் எழுத்தில் ஒரு கோரிக்கை அனுப்புங்கள், வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். மனுவோடு பில், உப்பிய பேட்டரியின் லேபிள் தெரியும் படம், கடைக்காரருக்கு அனுப்பிய செய்தி மூன்றையும் இணையுங்கள். பேட்டரிக்குக் கொடுத்த பணம் எவ்வளவு, உப்பியதால் திரையோ பேக் பேனலோ உடைந்திருந்தால் அதைச் சரிசெய்த செலவு எவ்வளவு என்பதைத் தனித்தனியாக, ரூபாயில் எழுதிக் கேளுங்கள்.